தலைக்கவசமும் கூந்தற் பேழையும்

காலை ஏழு மணிக்குச் சற்று முன்னதாக, மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை நோக்கி ஏறிச் செல்லும் வீதியின் ஓரத்திற் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மலைப் பக்கமிருந்து இறங்கி வந்த பனி இன்னும் முற்றாகக் கலைந்திராது. அந்தப் பனித்திரையினூடே ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கூட்டர்கள் வரும். ஓட்டி வருவோரிற் பலர் பெண்கள். சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகி, தோளிற் பையை மாட்டி, தலையிற் கவசம் அணிந்து, நிமிர்ந்த முதுகோடு வருகிறார்கள். ஆசிரியைகள், தாதிமார், வங்கி எழுதுவினைஞர், புடைவைக் கடைகளிற் பணிபுரியும் இளம்பெண்கள். 'ஸ்கூட்டி' என்பது உண்மையில் ஒரு நிறுவனம் தன் வண்டிக்கு இட்ட பெயர். நம் மக்களின் நாவிலோ அது பெண்கள் ஓட்டும் எல்லா வண்டிக்கும் பொதுப்பெயராய் நிலைத்துவிட்டது.

வண்டியிற் போகும் காட்சியைக் காட்டிலும், போய்ச் சேர்ந்த பின் நிகழும் காட்சியே என் கருத்தைக் கவர்ந்தது. ஒரு தோட்டப் பாடசாலையின் வாயிலில் அதனைக் கண்டேன். ஆசிரியை ஒருவர் வண்டியை மரநிழலில் நிறுத்தினார், கவசத்தைக் கழற்றினார், கைப்பையிலிருந்து அரைச்சாண் நீளமுள்ள துணிப்பை ஒன்றை எடுத்தார். வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சற்றே மேல்நோக்கித் திருப்பினார். இரண்டு நிமிடந்தான். பனியும் புழுதியும் பட்டுக் கலைந்திருந்த பின்னல், வகுப்பறைக்குரிய திருத்தமான கொண்டையாகிவிட்டது. முதல் மணி அடிப்பதற்கும் அவர் படியேறுவதற்கும் சரியாக இருந்தது.

"சேர், இதைப்போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறீங்களே!" என்று சிரித்தார். பெண்களின் ஒப்பனையை வேடிக்கை பார்க்கும் முதியவன் என்று கருதிவிடுவாரோ என்னும் கூச்சம் எனக்கு. ஆயினும் துணிந்து, அப்பையில் என்னென்ன உள்ளன என்று கேட்டேன். இடைவேளையின்போது மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அகன்ற பல்லுள்ள வேப்பமரச் சீப்பு ஒன்று. மெல்லிய பருத்திக் கைக்குட்டைகள் இரண்டு. துணி சுற்றிய மயிர்ப்பட்டிகள் மூன்று. பழைய தைலப் புட்டி ஒன்றிலே சிறிதளவு தேங்காயெண்ணெய். தீப்பெட்டி ஒன்றுக்குள் ஆறு கொண்டை ஊசிகள். அவ்வளவே. இத்தனையும் சேர்ந்து ஓர் அப்பியாசக் கொப்பியின் எடைகூட இராது.

இளங்கோவடிகளின் மாதவி என் நினைவுக்கு வந்தாள். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், ஊடல் தீர்க்கக் கோலம் புனையும் அவள், பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திரண்டுவகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரிலே கூந்தலை ஆட்டி, நறும்புகையூட்டி உலர்த்துகிறாள். கூட்டிப் பாருங்கள்: நாற்பத்தேழு சரக்குகள்! காவிரிப்பூம்பட்டினத்து நாடகக் கணிகைக்கு அதற்குப் பொழுதும் இருந்தது, பணிப்பெண்களும் இருந்தனர். மாத்தளை ஆசிரியைக்கோ ஐந்தே பொருள்கள்; பொழுது இரண்டு நிமிடம்; பணிப்பெண்ணாக நிற்பது வண்டியின் கண்ணாடி.

இதனை வெறும் அலங்கார விடயம் என்று தள்ளிவிட நான் ஆயத்தமாயில்லை. அதற்குக் காரணம் சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் நேர்ந்த நிகழ்ச்சி. அக்குடும்பத்துப் பெண்ணும் ஆசிரியைதான். வீட்டிலேயே உயர்ந்த கொண்டை முடித்து, ஊசிகள் குத்தி, அதன்மேற் கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு போவது அவர் வழக்கம். கொண்டையின்மேல் அமர்ந்த கவசம் நெற்றிக்கு இறங்கவில்லை, தாடைப்பட்டியும் எட்டவில்லை. ஆகவே பட்டியை மாட்டாமலே விட்டுவிடுவார். தூறல் விழுந்த ஒரு காலை, வளைவொன்றிற் சில்லு வழுக்கிற்று. கவசம் அவரைவிட்டுத் தனியே உருண்டு வடிகாலில் விழுந்தது. தலை வீதியில் மோதிற்று. கொண்டை ஊசியொன்று தோலைக் கிழித்திருந்தது. நல்லகாலமாக உயிருக்கு ஊறு நேரவில்லை. தையல்களோடும் மூன்று மாத ஓய்வோடும் மீண்டார். "தலை கலைஞ்சு போனா பிள்ளைங்க சிரிப்பாங்களேன்னுதான்" என்று படுக்கையிற் கிடந்தபடி அவர் சொன்ன சொல் இன்னும் என் செவியில் இருக்கிறது.

சட்டம் ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் கவசம் அணியவேண்டும் என்கிறது. தலைமேல் ஒன்று இருக்கிறதா என்று வீதியில் நிற்கும் காவலர் பார்ப்பார். அது தலையிற் பொருந்தி இருக்கிறதா என்பதை யார் பார்ப்பது?

கவசத்தின் வரலாற்றையும் இங்கே சிறிது சொல்லவேண்டும். அரபு நாட்டுப் போரிற் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1935 மே மாதம் கவசமின்றி மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்று விழுந்தார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் இன்றியமையாமையை வற்புறுத்தி 1941-இல் ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். அவர் ஆராய்ந்த தலைகள் பெரும்பாலும் படைவீரரின் தலைகள். ஒட்ட வெட்டிய கிராப்புத் தலைகள். முழங்காலளவு கூந்தலை எங்கே வைப்பது என்ற வினா அன்று எழவேயில்லை. இன்றும் கடையில் தொங்கும் கவசங்களின் உட்புறத்தைப் பாருங்கள்: நீண்ட கூந்தல் உள்ள தலை ஒன்று உலகில் உண்டென்பதே அவற்றை வார்த்தவருக்குத் தெரியாததுபோல் இருக்கும்.

ஆகவே கவசம் கூந்தலுக்கு இடங்கொடாதபோது, கூந்தல்தான் கவசத்துக்கு வழிவிடவேண்டியிருக்கிறது. பாடசாலை வாயிலில் நான் கண்ட ஆசிரியை செய்தது அதுதான். வீட்டிலிருந்து புறப்படும்போது கொண்டையில்லை, உச்சியில் முடிச்சில்லை, ஊசியில்லை. பிடரிக்குக் கீழே தளர்ந்த ஒற்றைப் பின்னல். அதன் நுனியிலே துணிப்பட்டி. பின்னலைச் சட்டையின் உட்புறம் விட்டுவிட்டால் காற்று அதனை அலைக்காது. சில்லுப் பக்கம் போகாது. ஒரு கைக்குட்டையைத் தலையிற் படியக் கட்டி, அதன்மேற் கவசம். தாடைப்பட்டி 'கிளிக்' என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். கொண்டைக்குரிய பொருள்களெல்லாம் பைக்குள்ளே. கொண்டையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு போகவேண்டிய நெருக்கடியை அந்தப் பை நீக்கிவிடுகிறது.

பாடசாலைக்குக் கொண்டையும் சேலையும் ஏன் வேண்டும் என்று கேட்கும் இளைஞர் உண்டு. 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையின்றி வேறு கண்ணியமான உடையிற் பாடசாலை சென்றதும், சேலை வழக்கத்தை மாற்றப் போவதில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்ததும் நினைவிருக்கும். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வழக்கம் இருக்கும்வரை, அதனைக் காக்கப் போய் ஒருவர் தலையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று பிற்பகல் அந்த ஆசிரியையின் அழைப்பை ஏற்று அவர் வீட்டுக்கும் போனேன். தாயார் தோட்டத்திற் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தேநீர் தந்துவிட்டு, மகளின் கவசத்தை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு எப்படியோ கூந்தலைப் பற்றித் திரும்பிற்று. "என் தலையப் பாருங்க ஐயா" என்று முக்காட்டை விலக்கிக் காட்டினார். உச்சிக்குச் சற்று முன்னே, காதிலிருந்து காதுவரை, ஒற்றையடிப்பாதை போல் மயிரற்ற ஒரு தடம். கொழுந்துக் கூடையின் கயிறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அழுந்திய இடம் அது. கூடை முதுகிலே; அதன் பாரமெல்லாம் தலையிலே. கயிற்றுக்கடியிற் துணி மடித்து வைத்தாலும் மயிர் தேய்வது நிற்பதில்லை. "இந்தப் புள்ளைக்கும் தொப்பி போட்டுத் தலை தேஞ்சுருமோன்னுதான் எனக்குப் பயம்" என்றார்.

தாயின் அச்சம் ஆராயத்தக்கது. ஒரே இடத்தில் இடைவிடாது இழுபடும் மயிர், நாளடைவில் வேரோடு நலிந்து மறுபடி முளைக்காமலே போய்விடக்கூடும். கூடைக்கயிறு செய்ததும் அது. இறுகப் பின்னி ஒரே இடத்தில் நாள்தோறும் கட்டும் சடையும் அதனைச் செய்யவல்லது. ஆனால் அளவாகப் பொருந்திய கவசம் அவ்வாறு மயிரை இழுப்பதில்லை. கவசத்தினால் வரும் தொல்லை வேறு. வியர்வையும் வெப்பமும் அடைந்து கிடப்பதால் அரிப்பும் பொடுகும் தோன்றலாம். கவசத்தின் உட்பஞ்சு நாற்றமெடுக்கலாம். இவற்றுக்கு வைத்தியம் எளிது: இடையிலே பருத்தித் துணி, அதனை நாள்தோறும் தோய்த்தல், கழற்றக்கூடிய உட்பஞ்சாயின் கிழமைக்கொருமுறை கழுவி வெயிலில் உலர்த்தல். பையில் இரண்டு கைக்குட்டைகள் இருந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வரும்போது ஒன்று நனைந்துவிடும், திரும்பும்போது மற்றொன்று.

தாய் கயிற்றுத் தடத்தைச் சுமந்தார்; மகள் அதே மலைச்சரிவில் வண்டியேறிப் பாடம் சொல்லப் போகிறார். அந்த வண்டியை வாங்கியதும் எளிதாய் நிகழ்ந்ததன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. 2022-இல் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள். சிறுகச் சிறுகச் சேர்த்து, ஓடிப் பழகிய ஒரு வண்டியை வாங்கினாராம். "பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தில் இப்போது இரண்டு பாடக்குறிப்பு எழுதிவிடுகிறேன் சேர்" என்று அவர் சொன்னபோது குரலிற் பெருமை இருந்தது.

இனி எண்ணெய். இதிலே நம் பாட்டிமாரோடு சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. புறப்படுமுன் உச்சந்தலையில் எண்ணெய் சொட்டச் சொட்டத் தேய்த்து, அதன்மேற் கவசம் அணிவது நன்றன்று. எண்ணெய்ப்பசையும் வியர்வையும் வெப்பமும் கூடிய இடத்திலேதான் பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் செழிக்கும். எண்ணெய் முழுக்கு விடுமுறை நாளுக்கு உரியது. பையிலுள்ள எண்ணெய் தலைத்தோலுக்கன்று. காற்றிற் சிக்குண்ட நுனிமயிருக்கு. இரண்டு துளி போதும். உள்ளங்கையிற் பரப்பி நுனிகளைத் தடவிவிட்டால் சீப்பு தடையின்றி இறங்கும். தேங்காயெண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு 2003-இல் இந்திய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரையில், மயிரின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டார்கள். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமொன்றில் ஆராய்ந்தவர்கள் என்பதையும் கூறிவிடுகிறேன். வாசகர் அறிந்து நிறுத்துக்கொள்ளட்டும்.

மாத்தளைக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாதக் காலைகளில், அதிலும் ரிவஸ்டன் பக்கத்து மலைவீதியில், குறுகிய வாய்ப் புட்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்தாலும் ஒரு துளி விழாது. அகன்ற வாயுள்ள சிறு டப்பாவாயின் விரல் நுனியாற் கிள்ளி எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் உருக்கிக்கொள்ளலாம். தைலப் புட்டியை ஆசிரியை தேர்ந்தது அதற்காகவே. சிலர் பையை வண்டியின் ஆசனத்துக்கு அடியிலுள்ள அறையில் வைப்பார்கள். இயந்திரச் சூடு அங்கே எண்ணெயை இனிதாக உருக்கித் தரும். மூடி தளர்ந்திருந்தால் ஐந்தாம் வகுப்புக் கொப்பிகள் அனைத்தும் எண்ணெய் முழுக்காடும். பிளாஸ்டிக் சீப்பு அச்சூட்டில் வளைந்துபோகும். வாசனைத் தெளிப்புக் குப்பிகளை அங்கே வைப்பது அபாயமே. கைப்பையே தக்க இடம்.

ஈரத்தலையைப் பற்றியும் ஒரு சொல். விடியலிலே தலைமுழுகி, நீர் சொட்டச் சொட்டப் பின்னிக் கவசத்துள் அடைப்பது பலருடைய வழக்கம். நீர் தோய்ந்த மயிர் நெகிழ்ந்து மெலிந்திருக்கும். இழுத்தால் எளிதில் முறியும். கவசத்துக்குள்ளே அது பகல்வரை உலராது. தலைமுழுக்கை முதல்நாள் மாலைக்கு மாற்றிக்கொண்டால் தொல்லை ஒழியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே நனைந்தே போகவேண்டிய நாள்களில், பையில் இன்னொரு சிறு துவாய் சேரும். கொண்டை அன்றைக்குச் சற்றுப் பிந்தி வகுப்பின் இடைவேளையில்தான் அமையும்.

இவையெல்லாம் மலைப்பகுதிக்குரியவை. மாத்தளை மாவட்டமோ இரட்டை முகமுடையது. நாலந்தையைக் கடந்து வடக்கே இறங்கினாற் காற்றின் ஈரம் குறையும். தம்புள்ளையை அடையும்போது வறண்ட பூமி. அங்கே ஏ-9 வீதியில் மரக்கறி ஏற்றிய லொறிகள் கிளப்பும் புழுதியே முதற்பகை. தம்புள்ளைப் பெண்ணின் பையில் இரண்டாவது கைக்குட்டை தலைக்குள் போவதைக் காட்டிலும் கழுத்திலும் பின்னலிலும் சுற்றப்படுவதே பயனுடைத்து. நுனிக்கு எண்ணெய் ஓரிரு துளி கூடுதலாக வேண்டும். அங்கே அது உறைந்தும் போகாது. அதே மாவட்டத்தில்தான் சிகிரியாக் குன்றும் நிற்கிறது. ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் காலத்திலே தீட்டப்பெற்ற அந்த ஓவிய மகளிரின் கூந்தற் கோலத்தையும் அதிற் செருகிய மலர்களையும் காணாதார் யார்? அவர்களைப் பார்க்க வந்த பழங்காலத்து வழிப்போக்கர் கண்ணாடிச் சுவரிலே கீறிவைத்த பாடல்களுள் 685-ஐப் பேராசிரியர் பரணவிதான 1956-இல் நூலாகப் பதிப்பித்தார். குன்றின் அடிவாரத்துப் புழுதி வீதியில் அம்மகளிர் ஒருநாள் வண்டியோட்டியிருந்தால் ஓவியன் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

சீப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. சிறு சீப்பைக் கூடவே வைத்திருக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. இஸ்ரேலிலுள்ள லாகீஸ் என்னும் பழம்பதியிற் கிடைத்த தந்தச் சீப்பொன்றிலே எழுத்துக்கள் பொறித்திருப்பதை அறிஞர் கண்டு 2022-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3700 ஆண்டுப் பழமையுடையதாம். நீளம் மூன்றரைச் சென்ரிமீற்றர், அகலம் இரண்டரை. தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிப்பதாகுக என்பதே அவ்வெழுத்தின் பொருள். கானானிய அகரவரிசை எழுத்திற் கிடைத்த முதல் முழு வாக்கியமே பேனைப் பற்றியது! வேதமும் காவியமும் பின்னால் வரட்டும், முதலில் தலை சுத்தமாகட்டும் என்று அப்பழங்குடியினர் எண்ணினர் போலும்.

பையைச் சிறிதாக்கும் கலையிலே தமிழருக்கும் ஒரு பங்குண்டு. ஷாம்புவைப் போத்தலிலன்றி ஒருமுறைக்குரிய சிறு பொதியாக விற்கும் முறையைப் பரப்பிய முன்னோடி கடலூர்ச் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலும் அதனை ஊர்தோறும் கொண்டுசென்றது. ஏழையின் கைக்கு எட்டிய அச்சிறு பொதி, நாளடைவில் ஓடைகளையும் வடிகால்களையும் அடைத்தது. 2021 மார்ச் இறுதியிலிருந்து, உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிலீற்றருக்கோ 20 கிராமுக்கோ மேற்படாத பிளாஸ்டிக் பொதிகளுக்கு இலங்கை அரசு தடை விதித்தது. வீட்டிலிருந்து நிரப்பி எடுத்துச்செல்லும் சிறு புட்டி மீண்டும் மதிப்படைந்தது. தைலப் புட்டிக்கு இரண்டாவது பிறவி வாய்த்த கதை இது.

மாத்தளைக்கு வரும் பயணிகள் வீதியோர வாசனைத் தோட்டங்களிற் புகுந்து, கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் என்று முகர்ந்து பார்த்து, வழுக்கைத் தலையிலும் மயிர் முளைப்பிக்கும் எனப்படும் எண்ணெய்ப் புட்டிகளைப் பெருவிலைக்கு வாங்கிச் செல்வர். செறிந்த கராம்பெண்ணெயை அப்படியே தலைத்தோலில் தடவினால் எரிச்சல் உண்டாகும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். எங்கள் ஆசிரியையின் எண்ணெயில் கறிவேப்பிலை காய்ச்சிய மணம் இருந்தது. கொல்லையிற் பறித்ததாம், விலை ஏதுமில்லை.

விடைபெற எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மகள் மறுநாளுக்குரிய பையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். நனைந்த கைக்குட்டைக்குப் பதிலாகக் கொடியிலிருந்து உலர்ந்தது ஒன்றை எடுத்து மடித்தார். தீப்பெட்டியைத் திறந்து ஊசிகளை எண்ணினார்; ஐந்தே இருந்தன. தாயார் தம் கொண்டையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். "அம்மா, உங்களுக்கு?" என்றார் மகள்.

"நான் எங்கே போகப்போறேன் புள்ள, எடுத்துக்க" என்று சொல்லி, நரைத்த மயிரைக் கையாலேயே முறுக்கி முடிந்துகொண்டு, கவசத்தை ஆணியில் மாட்டினார் தாய்.